ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள், அம்மா ஏன் ஒரு மாதிரி பேசுகிறார்?

இரண்டாம் நாள் சாயங்காலம், மணி ஆறு இருக்கும். பாத்ரூமில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து, ராடு வைத்த எழுபத்தெட்டு வயது அம்மா. காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டார், பேத்தியோடு போனில் பேசினார். இப்போது போர்வையின் ஓரத்தை விரலால் பிடுங்கிக்கொண்டே இருக்கிறார். நடுவில் கையைத் தூக்கி, காற்றில் இல்லாத நூல் ஒன்றை எடுத்துச் சுருட்டுகிறார். "உங்கப்பா வந்து நிக்கிறார் பாரு, காபி போட்டுக் குடு" என்கிறார். அப்பா இறந்து பத்து வருஷம் ஆகிறது.

பக்கத்துக் கட்டில்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். போனவர்கள் வந்து கூப்பிட்டால் நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். மகன் வராந்தாவுக்குப் போய் அக்காவுக்கு போன் போட்டு, "உடனே கிளம்பி வா" என்பார்.

அக்கா வரட்டும், நல்லதுதான். ஆனால் அந்த போனுக்கு முன்னால் டியூட்டி சிஸ்டரைக் கூப்பிட்டு, ஆக்சிஜன் எவ்வளவு, சுகர் எவ்வளவு, கடைசியாக எப்போது சிறுநீர் போனது, இன்று புதிதாக என்ன ஊசி போட்டார்கள் என்று கேட்க வேண்டும். இதன் பெயர் டெலிரியம். காய்ச்சல் முற்றிப் பிதற்றுவதைப் பழைய ஆட்கள் ஜன்னி என்பார்களே, ஏறக்குறைய அதே சரக்கு. உடம்பில் எங்கோ ஒன்று சரியில்லை என்பதை மூளை முதலில் சொல்லிவிடுகிறது. ஆபரேஷன் முடிந்த முதல் மூன்று நாட்களில்தான் இது பெரும்பாலும் தலைகாட்டும்.

மறதி நோய்க்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. மறதி நோய் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்ல ஏறும். இது மணிக்கணக்கில் வரும். காலையில் தெளிவாக இருப்பார், சாயங்காலம் தடுமாறுவார், நடு இரவில் கட்டிலை விட்டு இறங்கப் பார்ப்பார், விடிந்ததும் மறுபடி தெளிவார். காலை ரவுண்ட்ஸில் டாக்டர் பார்க்கும் ஐந்து நிமிஷத்தில் எல்லாம் சரியாகவே இருக்கும். "ராத்திரி எப்படி இருந்தார்" என்பது கூட இருந்தவருக்குத்தான் தெரியும். அதை நீங்களாகச் சொல்லாவிட்டால் ஃபைலில் ஏறாது.

கத்துகிறவரை எல்லோரும் கவனித்துவிடுவார்கள். தவறிப்போவது அமைதியாக இருப்பவர்தான். கூப்பிட்டால் கண்ணைத் திறந்து, அரை வார்த்தை சொல்லி, மறுபடி மூடிக்கொள்வார். வாயில் ஊட்டிய கஞ்சி கன்னத்திலேயே தங்கியிருக்கும். "பாவம், அசதி, தூங்கட்டும்" என்று வீட்டார் ஃபேனைக் கூட்டி வைப்பார்கள். சத்தம் போடாத இந்த டெலிரியம்தான் முதியவர்களிடம் அதிகம். புரையேறி நிமோனியா வருவதும், முதுகில் படுக்கைப்புண் வருவதும் இவர்களுக்குத்தான் கூடுதல். தூங்குகிறவரை எழுப்பினால் எழுந்து உங்கள் முகத்தைப் பார்த்து ஒரு முழு வாக்கியம் பேச வேண்டும். பேசவில்லையென்றால் அதை அசதிக் கணக்கில் எழுதாதீர்கள்.

மயக்க மருந்தா காரணம்?

வார்டில் அதிகம் கேட்கிற வசனம்: "மயக்க மருந்து ஓவராக் குடுத்துட்டாங்க, அதான் மூளையைப் பாதிச்சிருச்சு." இந்தச் சந்தேகம் புதிதல்ல. 1955-லேயே பெட்ஃபோர்டு என்ற ஆங்கிலேய மருத்துவர், மயக்க மருந்துக்குப் பின் முதியவர்களின் மூளைக்கு நேரும் பாதிப்பு பற்றி லான்செட் இதழில் எழுதிவிட்டார். 1998-இல் வந்த பன்னாட்டு ஆய்வொன்றில் 60 வயதைத் தாண்டிய 1,218 பேரை ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். ஒரு வாரத்தில் சுமார் 26 சதவீதம் பேருக்கு நினைவாற்றலும் கவனமும் குறைந்திருந்தன. மூன்று மாதத்தில் அது சுமார் 10 சதவீதமாக இறங்கியது. அதாவது பெரும்பாலானவர்கள் மீண்டுவிட்டார்கள், ஒரு சிறு பகுதியினர் மீளவில்லை.

அப்படியானால் முதுகுத்தண்டில் ஊசி போட்டு, ஆள் விழித்திருக்கும்போதே செய்தால் தப்பலாமா? வீட்டார் பலரும் கேட்கும் கேள்வி இது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இடுப்பெலும்பு முறிந்த 1,600 பேரை வைத்து இதைச் சோதித்து 2021-இல் முடிவு வெளியிட்டார்கள். முதுகு ஊசி போட்டவர்களில் 20.5 சதவீதம், முழு மயக்கம் கொடுத்தவர்களில் 19.7 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்தது. சீனாவில் 950 பேரிடம் செய்த இன்னொரு ஆய்விலும் வித்தியாசம் தெரியவில்லை. முதுகு ஊசிக்கு வேறு பலன்கள் உண்டு, நுரையீரல் மோசமாக இருப்பவருக்கு அதையே தேர்ந்தெடுப்பார்கள். ஆனால் மூளையைக் காப்பாற்றுவதற்கென்றே அதைக் கேட்டு மயக்க மருந்து டாக்டரோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. முதுகு ஊசி போட்டபின் "பயப்படுறார்" என்று தூக்க மருந்தை ஏற்றிக்கொண்டே போனால் அது பாதி மயக்கம்தானே.

உண்மையில் நடப்பது இது. எலும்பை வெட்டி, துளைத்து, ராடை அடித்து இறக்கும்போது உடம்பு முழுக்க ஓர் அழற்சி கிளம்புகிறது. அதன் தாக்கம் மூளை வரை போகிறது. இளவயதுக்காரரின் மூளை அதைத் தாங்கிக்கொள்ளும். எண்பது வயது மூளை எண்ணெய் குறைந்த விளக்கு, சின்னக் காற்றுக்கும் சுடர் ஆடும். அந்த நிலையில் தூக்கம் இல்லை, தண்ணீர் இல்லை, கண்ணாடி இல்லை, மலச்சிக்கல், வலி, புது மாத்திரை என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினால் அணையத்தான் பார்க்கும். இந்தச் சின்னக் காற்றுகளில் பாதியை வீட்டாரே அடைக்க முடியும். இடுப்பெலும்பு முறிந்த 126 முதியவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், முதியோர் மருத்துவர் தினமும் வந்து இந்தச் சில்லறை விஷயங்களை ஒவ்வொன்றாகச் சரிசெய்தபோது டெலிரியம் 50 சதவீதத்திலிருந்து 32 சதவீதமாகக் குறைந்தது. புது மருந்து எதுவும் சேர்க்காமலே வந்த பலன் அது.

மாத்திரைப் பையும் மறைக்கிற பாட்டிலும்

"ஃபிட்னஸ் வாங்கிட்டு வாங்க" என்று அனுப்பும்போது எல்லோரும் ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். மாத்திரைப் பையை வீட்டில் வைத்துவிடுகிறார்கள். ஆயுர்வேதம், சித்தா, மெடிக்கல் ஷாப்பில் அவராகவே வாங்கிப் போடுவது உட்பட மொத்தப் பையும் வர வேண்டும். அதில் டாக்டர்கள் நாங்கள் முதலில் தேடுவது நான்கைந்து வகைதான்.

முதலாவது தூக்க மாத்திரை. அல்பிரசோலம், குளோனசெபாம், டயசெபாம். பத்து வருஷமாக அரை மாத்திரை போட்டுத் தூங்குபவர்கள் ஏராளம், கேட்டால் "அது சும்மா தூங்குறதுக்கு" என்பார்கள். தினமும் போடுபவருக்கு ஆபரேஷன் சாக்கில் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் நடுக்கமும் குழப்பமும் வரும். போடாதவருக்குப் புதிதாகக் கொடுத்தாலும் குழப்பம் வரும். ஆகவே இருக்கிறதா இல்லையா என்பது டாக்டருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். மாதக்கணக்கில் திட்டமிட்டுச் செய்யும் மூட்டு மாற்று சிகிச்சை என்றால், டாக்டர் மேற்பார்வையில் மெல்லக் குறைக்க நேரம் கிடைக்கும்.

இரண்டாவது, நினைவுக்கும் கவனத்துக்கும் மூளை பயன்படுத்தும் அசிடைல்கோலின் என்ற ரசாயனத்தின் வேலையைத் தடுக்கும் மருந்துகள். பெயர் பெரிதாக இருந்தாலும் ஆட்கள் தெரிந்தவர்கள்தான்: அரிப்புக்கும் சளிக்கும் போடும் அவில், சளி மாத்திரைகளில் இருக்கும் குளோர்ஃபெனிரமின், ஃபெனர்கன் ஊசி, வயிற்றுப் பிடிப்புக்கு டைசைக்ளோமின், நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின், அடிக்கடி சிறுநீர் போவதற்கு ஆக்ஸிபியூட்டினின், நடுக்கத்துக்கு ட்ரைஹெக்ஸிஃபெனிடில். இளம் வயதில் இவை லேசான தூக்கத்தோடு போய்விடும். எழுபதுக்கு மேல் புத்தியைக் கலக்கும், சிறுநீரை அடைக்கும், மலத்தை இறுக்கும். இந்த மூன்றுமே தனித்தனியாக டெலிரியத்துக்குக் காரணமாகக் கூடியவை.

மூன்றாவது பி.பி. மாத்திரை. ஸ்ட்ரிப்பில் பெயருக்குப் பின்னால் "எச்" ஒட்டியிருந்தால் அதில் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்திருக்கும். குளோர்தாலிடோன் சேர்ந்த மாத்திரைகளும் நிறைய. இரண்டுமே சிறுநீர் வழியாக உப்பை வெளியேற்றுபவை. முதியவருக்குச் சோடியம் 135-க்குக் கீழே போவது மிகச் சாதாரணம், 125-ஐ ஒட்டினால் பேச்சு தடுமாறும். ஆபரேஷனுக்கு முன் சோடியம் பார்த்தார்களா என்று கேளுங்கள். முடிந்தபின் குழப்பம் வந்தால் திரும்பவும் பார்க்கச் சொல்லுங்கள். ஏறுகிற டிரிப்ஸைப் பொறுத்தும் அது இறங்கும்.

சுகருக்கு டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று "ஃப்ளோசின்" என முடியும் மாத்திரை போடுபவர், திட்டமிட்ட ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். அவசர ஆபரேஷனில் நிறுத்த நேரம் இருக்காது, ஆனால் போடுகிறார் என்று சொல்லிவிட வேண்டும். சுகர் ஏறாமலேயே ரத்தம் அமிலமாகும் சிக்கல் இதில் உண்டு. பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா எடுப்பவருக்கு நேர்மாறு. ஒரு வேளைகூடத் தவறக்கூடாது. ஆபரேஷன் அன்று காலையும் ஒரு மடக்குத் தண்ணீரோடு கொடுக்கலாமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு வேண்டாம் என்பதையும் ஃபைலின் மேல் பெரிதாக எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம் பாட்டில். அப்பா தினமும் ஒரு குவார்ட்டர் போடுவார் என்பதை மருமகள் முன்னால் யாரும் சொல்வதில்லை. கடைசியாகக் குடித்து 48 முதல் 72 மணி நேரத்தில் வருவது குடிநிறுத்த டெலிரியம். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பூச்சி ஊர்வதாகச் சொல்வார், வலிப்பும் வரலாம். திங்கள் விழுந்து, செவ்வாய் ஆபரேஷன் ஆனால் புதன், வியாழனில் இது வரும். மற்ற டெலிரியத்துக்கு ஆகாத லோரசெபாம் வகைத் தூக்க மருந்துதான் இதற்கு வைத்தியம். கூடவே தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் வேண்டும், அதுவும் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பு. எனவே உண்மையை மறைத்தால் தவறான மருந்து போகும். வீட்டார் முன் சொல்ல முடியாவிட்டால் மயக்க மருந்து டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். புகையிலை, பாக்குப் பழக்கமும் கணக்கில் சேர்த்தி.

முன்கூட்டியே ஒரு சின்னப் பரீட்சை

ஏற்கெனவே லேசான மறதி இருப்பவருக்கு டெலிரியம் வரும் வாய்ப்பு பல மடங்கு. வீட்டில் அது கண்ணுக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும். மினி காக் என்ற மூன்று நிமிஷச் சோதனை ஒன்று உண்டு. தொடர்பில்லாத மூன்று வார்த்தை சொல்லி, திருப்பிச் சொல்ல வைத்து, ஒரு கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொல்லி, பிறகு அந்த மூன்று வார்த்தையையும் கேட்பது. வார்த்தைக்கு ஒரு மார்க், கடிகாரத்துக்கு இரண்டு. ஐந்துக்கு மூன்றுக்குக் கீழ் என்றால் கவனம் தேவை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பள்ளிக்கூடம் போகாத, பேனாவே பிடிக்காத பாட்டியிடம் கடிகாரம் வரையச் சொன்னால் மூளை நன்றாக இருந்தும் பூஜ்யம்தான் வரும். "பிறந்த தேதி என்ன" என்று கேட்டாலும் அப்படித்தான். ஸ்கூலில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட ஜூன் மாதத் தேதி ஒன்று, வீட்டில் சொல்லும் "பெரிய புயல் அடிச்ச வருஷம்" ஒன்று. இவர்களுக்குக் கிழமையைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்வது நன்றாக வேலை செய்கிறது: ஞாயிறு, சனி, வெள்ளி, வியாழன். கொஞ்சம் தேறியவர்களுக்குத் தமிழ் மாதம்: பங்குனி, மாசி, தை, மார்கழி. "டிசம்பரிலிருந்து சொல்லுங்க" என்றால் விழிக்கும் பாட்டி, பங்குனியிலிருந்து கார்த்திகை வரை கடகடவென்று இறங்கிவிடுவார். சந்தைக் கணக்குப் போட்டவருக்கு இருபதிலிருந்து மூன்று மூன்றாகக் கழிக்கச் சொல்லலாம். ஆபரேஷனுக்கு முன்னால் எதுவரை சொன்னார் என்பதை ஒரு தாளில் குறித்து வையுங்கள். பிறகு ஒப்பிட அது ஒன்றே போதும்.

வார்டில் பயன்படும் 4ஏடி என்ற சோதனையில் மொத்தம் நான்கே அம்சம். விழிப்பு எப்படி, வயது-பிறந்த தேதி-இடம்-வருஷம், மாதம் பின்னோக்கி, கடைசியாக "திடீர் மாற்றம் உண்டா?" நான்கு மார்க் வந்தாலே டெலிரியம் என்று சந்தேகிக்க வேண்டும். அந்தக் கடைசி அம்சம் ஒன்றே நான்கு மார்க் தரும். அதற்குப் பதில் சொல்லக் கூடியவர் வீட்டார்தான். "எங்கம்மா இப்படி இருக்க மாட்டாங்க" என்று நீங்கள் சொல்லும் ஒரு வாக்கியமே எல்லைக் கோட்டைத் தாண்டிவிடுகிறது. ஆனால் பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், "நேத்து காலைல பேப்பர் படிச்சாங்க, இன்னைக்கு என் பேரு தெரியல" என்று சொல்லுங்கள். டியூட்டி டாக்டர் திரும்பிப் பார்ப்பார்.

பச்சைத் தண்ணி கூட இல்லாமல்

"ராத்திரி பத்து மணியிலேர்ந்து பச்சைத் தண்ணி கூடக் குடிக்கலை" என்று பெருமையாகச் சொல்வார்கள். மறுநாள் மதியம் இரண்டு மணிக்குக் கேஸ் எடுப்பார்கள். பதினாறு மணி நேரம் வறண்டு கிடந்த எண்பது வயது உடம்பு அது. பொதுவாக உலகமெங்கும் பின்பற்றும் கணக்கு, இட்லி போன்ற லேசான சாப்பாட்டுக்கு ஆறு மணி நேர இடைவெளி, எண்ணெய்ப் பலகாரம், கறி என்றால் எட்டு மணி நேரம், வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேரம். பால் சேர்ந்த காபி தண்ணீர்க் கணக்கில் வராது, ஆறு மணி நேரம். பால் சேர்க்காத காபி தண்ணீர்க் கணக்கு. இரைப்பை மெதுவாக இயங்கும் நீண்டகாலச் சுகர்காரருக்கு டாக்டர் வேறு கணக்குச் சொல்லலாம். எப்படியானாலும் "எத்தனை மணி வரை தண்ணீர் குடிக்கலாம்" என்று நேரத்தோடு கேட்டு எழுதி வாங்குங்கள். முதல் கேஸாகப் போடச் சொல்லியும் கேளுங்கள்.

விழுந்து முறிந்த இடுப்பெலும்பில் தாமதமே விஷம். பதினேழு நாடுகளில் 2,970 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்ய முனைந்த குழுவில் 9 சதவீதமும், வழக்கம்போல ஒரு நாள் பொறுத்துச் செய்த குழுவில் 12 சதவீதமும் டெலிரியம் வந்தது. நம் பக்கம் நல்ல நாள் பார்ப்பது, வெளிநாட்டு மகன் வந்து இறங்கட்டும் என்பது, காப்பீட்டு ஒப்புதல் என்று மூன்று நாள் ஓடிவிடுகிறது. காத்திருக்கிற ஒவ்வொரு மணியும் வலியோடு அசையாமல் கிடக்கிற மணி. தவிர்க்க முடியாமல் காத்திருக்க வேண்டியிருந்தால் ஃபேசியா இலியாகா பிளாக் போடுவார்களா என்று கேளுங்கள். தொடையின் மேல் பக்கம் மரப்பு ஊசி போட்டு, முறிந்த இடத்து வலியைப் பல மணி நேரம் அடக்கும் முறை அது. வலி ஊசிகளின் அளவு தானாகக் குறையும்.

தியேட்டருக்குள் நடப்பதில் வீட்டாருக்குக் கை இல்லை. ஆனால் மயக்க மருந்து டாக்டர் பார்க்க வரும்போது மூன்று விஷயம் சொல்லலாம். வீட்டில் எடுத்த பி.பி. அளவு ஒரு வாரத்துக்கு: வழக்கமாக 160-இல் இருப்பவருக்கு 110 என்பது நல்ல பி.பி. அல்ல, தாழ்ந்த பி.பி. முன்பு எப்போதாவது ஆபரேஷனுக்குப் பின் பிதற்றினாரா என்பது. "பயம் போக" போடும் மிடசோலம் என்ற தூக்க ஊசி இல்லாமல் சமாளிக்க முடியுமா என்பது; கூடவே கையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் தியேட்டர் வாசல் வரை போனால் பெரும்பாலும் சமாளிக்கலாம். நாற்பது வயதுக்கு மேல் பத்து வருஷத்துக்கு சுமார் 6 சதவீதம் வீதம் மயக்க வாயுவின் தேவை குறைகிறது, இதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்வார். நெற்றியில் ஒட்டி மூளை மின்னலையைப் பார்க்கும் மானிட்டர் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். அதில் முடிவுகள் முரண்படுகின்றன. ஓர் ஆய்வில் டெலிரியம் 28-இலிருந்து 19 சதவீதமானது, 1,232 பேரிடம் செய்த இன்னொன்றில் பலனே இல்லை. அந்தக் கருவி இல்லாத மருத்துவமனை என்பதற்காக அம்மாவை வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

கட்டிலைச் சுற்றி

வெளிநாட்டு மருத்துவமனைகளில் இதற்கென்று தன்னார்வலர்களைப் பயிற்றுவித்து வைக்கிறார்கள். நமக்கு அட்டெண்டர் என்ற பெயரில் வீட்டு ஆளே இருபத்துநாலு மணி நேரமும் இருக்கிறார். பெரும்பாலும் அவர் செய்வது மெடிக்கலுக்கு ஓடுவதும் போன் பார்ப்பதும்தான்.

முதலில் கண்ணாடி. தியேட்டருக்குப் போகும்போது கழற்றிப் பையில் போட்ட கண்ணாடி, பல் செட், காது மெஷின் மூன்றும் வார்டுக்குத் திரும்பிய அன்றே உடம்புக்குத் திரும்ப வேண்டும். மங்கலாகத் தெரியும் டிரிப் ஸ்டாண்ட்தான் இரவில் "நிக்கிற ஆள்" ஆகிறது. ஐ.சி.யூ.வுக்குப் போனாலும் கண்ணாடியைப் பெயர் எழுதிய டப்பாவில் போட்டு சிஸ்டர் கையில் கொடுங்கள். திட்டமிட்ட ஆபரேஷனாக இருந்தால் அதற்கு முந்தைய வாரமே காதில் அழுக்கு எடுத்துவிடுங்கள். பல பேருக்குப் பாதிச் செவிடு அந்த மெழுகுதான். பேசும்போது காதருகே கத்தாமல், முகத்துக்கு நேராக நின்று, தாழ்ந்த குரலில், ஒரு தடவைக்கு ஒரு விஷயம்.

வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரை அப்படியே எடுத்து வந்து கட்டிலுக்கு எதிரே மாட்டுங்கள். ஒவ்வொரு நாள் காலையும் தாளைக் கிழிப்பது அவர் கையால் நடக்கட்டும். கிழிக்கும்போது "என்ன கிழமை, என்ன திதி, ராகு காலம் எப்ப" என்று அவரையே படிக்கச் சொல்லுங்கள். மருத்துவமனைகளில் மாட்டும் "இன்று தேதி" பலகையை விட இது நன்றாக வேலை செய்கிறது. நாற்பது வருஷமாகச் செய்த வேலை, கை தானாகப் போகும். பக்கத்தில் பெரிய எண் கடிகாரம். ஜன்னலோரக் கட்டில் கிடைத்தால் வாங்குங்கள்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு மறைந்த சிக்கல் உண்டு. பெட் பேன் கேட்கக் கூச்சப்பட்டு அம்மாக்கள் வேண்டுமென்றே குடிக்காமல் இருப்பார்கள். "தாகமே இல்ல" என்பார்கள். டாக்டர் அளவு கட்டுப்படுத்தச் சொல்லாதவரை, விழித்திருக்கும்போது மணிக்கு அரை டம்ளர் என்று நீங்களாக நீட்டுங்கள். நன்றாக உட்கார வைத்த பிறகே கொடுங்கள், படுத்தபடி வேண்டாம்.

யூரின் டியூப் இருப்பது வசதி என்று வீட்டார் நினைப்பார்கள், பேம்பர்ஸ் செலவு மிச்சம். அது ஒரு கயிறு. கட்டிலோடு கட்டிப்போடும், கிருமியை ஏற்றும். ஒன்றிரண்டு நாளில் எடுக்க முடியுமா என்று தினமும் ரவுண்ட்ஸில் கேளுங்கள். எடுத்தபின் ஆறு மணி நேரத்துக்குள் சிறுநீர் போக வேண்டும். புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்கு அடைத்துக்கொள்ளும். சொல்லத் தெரியாமல் புரண்டுகொண்டே இருப்பார், அடிவயிறு உப்பி இருக்கும். தூக்க ஊசி போட்டால் புரள்வது நிற்கும், அடைப்பு அப்படியே இருக்கும். மலம் மூன்று நாளாகப் போகவில்லை என்றாலும் சொல்லிவிடுங்கள்.

வலிக்குப் பாராசிட்டமால்தான் அஸ்திவாரம். "வலிச்சா குடுங்க" என்று எழுதினால் நம் பெரியவர்களுக்கு அது கிடைக்கவே கிடைக்காது, "பரவாயில்ல, தாங்கிக்கிறேன்" என்பார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று நேரம் போட்டுக் கொடுப்பதே முறை. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. கணக்கு, 45 கிலோ அம்மாவுக்கு 650 மாத்திரை சரியாக வரும். கல்லீரல் கோளாறு இருந்தால் டாக்டர் குறைப்பார். வலியை அடக்காமல் விட்டாலும் டெலிரியம் வரும், டிராமடால், பெத்திடின் போன்ற கடும் வலி மருந்துகள் தாராளமாகப் போனாலும் வரும். குறிப்பாக டிராமடால் சோடியத்தையும் இறக்கும், மனச்சோர்வு மாத்திரை போடுபவருக்கு அதனோடு மோதும்.

நடக்க வைப்பது மறுநாளே. ராடு வைத்த காலில் எவ்வளவு பாரம் போடலாம் என்று எலும்பு டாக்டர் சொல்வார், பெரும்பாலும் அடுத்த நாளே வாக்கரோடு நிற்க வைப்பார்கள். சாப்பாடு நாற்காலியில். பகலில் ஜன்னல் திறந்து, விளக்கு போட்டு, பேச்சுக் கொடுத்து விழிக்க வையுங்கள். இரவு பத்து மணிக்கு டியூப் லைட்டும் போனும் அணைய வேண்டும், பின்னிரவு இரண்டு மணி பி.பி.யைத் தவிர்க்கலாமா என்று சிஸ்டரிடம் கேட்டால் உடல்நிலை தேறியவருக்குச் சிலர் ஒத்துக்கொள்வார்கள். அட்டெண்டர் மாறி மாறி வருவதைக் குறையுங்கள். சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து இரவு வரை, அவருக்கு மிகப் பழகிய முகமே இருக்கட்டும். விசாரிக்க வரும் சொந்தக்காரர் கூட்டத்தைக் காலையில் வரச் சொல்லுங்கள்.

வந்தே விட்டால்

"மாட்டைப் புடிச்சுக் கட்டணும்" என்று இறங்கப் பார்ப்பவரிடம் "மாடே இல்லப்பா, வித்தாச்சு" என்று வாதாடினால் வேகம் கூடும். பொய்க்கு ஆமாம் போடவும் வேண்டாம். "மாடு பத்திரமா இருக்கு, நீங்க ஆஸ்பத்திரில இருக்கீங்க, நான் உங்க பக்கத்துல இருக்கேன்" போதும். கையைக் காஸ் துணியால் கட்டிலில் கட்டச் சொல்லாதீர்கள். கட்டப்பட்டவர் இன்னும் திமிறுவார், தோள் இழுபடும், தையல் விடும். டிரிப்ஸைப் பிடுங்குகிறார் என்றால் முதல் கேள்வி, அந்த டிரிப்ஸ் இன்னும் தேவையா? தேவையென்றால் முழுக்கைச் சட்டைக்குள் மறைத்து ஒட்டலாம்.

டாக்டர் தேடும் வரிசை ஏறக்குறைய இப்படி இருக்கும்: ஆக்சிஜன், சுகர், பி.பி., காய்ச்சல், சிறுநீர், மலம், வலி, சோடியம், புதிதாகச் சேர்ந்த மருந்து, நிறுத்திய மருந்து, சாராயம். முகம் ஒரு பக்கம் கோணி, ஒரு கை தொங்கி, பேச்சு குழறினால் அது வேறு. பக்கவாதம். கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று சொல்லி உடனே சத்தம் போடுங்கள்.

மருந்து கடைசி. தனக்கோ மற்றவருக்கோ ஆபத்து வரும் அளவுக்கு இருந்தால் ஹாலோபெரிடால் என்ற அமைதிப்படுத்தும் மருந்து கால் மி.கி. முதல் அரை மி.கி., இளவயதுக்காரருக்குக் கொடுக்கும் ஐந்து மி.கி. அல்ல. பார்க்கின்சன்காரருக்கு அதுவும் ஆகாது.

சிலருக்கு இரண்டு நாளில் தெளியும், சிலருக்கு வாரக்கணக்கில் இழுக்கும். டிஸ்சார்ஜ் சீட்டில் குவெட்டியாபின், ஹாலோபெரிடால் என்று அமைதிப்படுத்தும் மருந்து ஏதாவது இருந்தால், எந்தத் தேதியில் நிறுத்துவது என்று அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள். நாலு நாளுக்குத் தொடங்கியது நாலு மாதம் ஓடுவது சாதாரணம். பத்திரம், பேங்க், உயில் எதிலும் இந்த வாரங்களில் கையெழுத்து வாங்காதீர்கள், பிறகு செல்லுபடியாகுமா என்று குடும்பத்துக்குள்ளேயே வழக்கு வரும். மூன்று மாதம் கழித்து, அன்று குறித்து வைத்த தாளை எடுத்து, பங்குனியிலிருந்து மறுபடி சொல்லச் சொல்லுங்கள். முன்பு கார்த்திகை வரை வந்தவர் இப்போது தையிலேயே நின்றால் நரம்பியல் டாக்டரிடம் அந்தத் தாளோடு போங்கள். முழுதாகத் தேறியிருந்தாலும், "ஆபரேஷனுக்குப் பின் டெலிரியம் வந்தது" என்று ஒரு வரியும் தேதியும் அவருடைய மாத்திரைப் பையிலேயே எழுதி வையுங்கள், அடுத்த முறை மயக்க மருந்து டாக்டர் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்.